மாலை நான்கு மணிக்கு இடி இடிக்குமா?

ஏப்ரல் மாதத்தில் ரெம்பாவ் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும், “சாயங்காலம் மழை வரும்” என்று சொல்லிவிடுவார்கள். அதைச் சொல்ல அறிவியல் பட்டம் தேவையில்லை. ஆனால், “இன்று, நம் பள்ளித் திடலில், நான்கு மணிக்கு வருமா?” என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் ஐம்பது ஆண்டு வாழ்ந்த பாட்டியும் தயங்குவார். பெட்டாலிங் ஜெயாவில் கணினிகளுக்கு முன் அமர்ந்திருக்கும் வானிலை அதிகாரியும் தயங்குவார். முதல் கேள்வி எளிது. இரண்டாவது மிகக் கடினம். ஏன் அப்படி?

மாணவர்களே, இது வெறும் தேர்வுக் கேள்வி அன்று. மாலையில் ஓட்டப் பயிற்சிக்குத் திடலில் இறங்கும் நீங்கள், நீண்ட அலுமினியக் கம்பத்தில் அரிவாளைப் பொருத்திச் செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளி, விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் அம்மா என எல்லாருக்கும் இதன் விடை தேவை. சிலருக்கு அது ஒரு நாள் வருமானம். சிலருக்கு உயிர்.

ஏன் ஏப்ரலும் அக்டோபரும்?

தீபகற்ப மலேசியாவில் இரண்டு பருவக்காற்றுகள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே இறுதி அல்லது ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இவ்விரண்டுக்கும் இடையில், ஏப்ரலை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும், காற்று எந்தப் பக்கமும் உறுதியாக வீசாத சில வாரங்கள் வருகின்றன. இதையே பருவமாற்றக் காலம் என்கிறோம்.

அதே காலத்தில் சூரியனும் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. ரெம்பாவ் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 2.6 டிகிரியில் உள்ளது. ஆகவே மார்ச் 27-ஆம் தேதி வாக்கிலும் செப்டம்பர் 16-ஆம் தேதி வாக்கிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்த ‘நண்பகல்’ நம் கடிகாரத்தில் 12 மணி அன்று. நம் நாட்டு நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 120 டிகிரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ரெம்பாவோ 102 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள். உண்மையான உச்சிவேளை ஏறக்குறைய 1 மணி 10 நிமிடத்துக்குத்தான் வருகிறது. நிலம் முழுமையாகச் சூடேற இன்னும் ஓரிரு மணி நேரம் ஆகும். மாலை மூன்று மணிக்கு மேல் இடி முழங்குவதன் காரணம் இப்போது புரிகிறதா?

ஒரு மேகம் எப்படிக் கோபுரமாகிறது?

இடிமழைக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: ஈரம், மேலே ஏறத் துடிக்கும் காற்று, அதைத் தூக்கிவிடும் ஒரு தள்ளுதல்.

முதலில் ஈரத்தைப் பார்ப்போம். காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால், ஒரு வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும். அதற்குப் பனிநிலை என்று பெயர். மேலே ஏறும் காற்று விரிவடைந்து, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி குளிர்கிறது. இதிலிருந்து ஓர் எளிய வாய்பாடு கிடைக்கிறது. தரைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து, 125-ஆல் பெருக்குங்கள். வருவது மேகத்தின் அடிப்பகுதி உயரம், மீட்டரில்.

வெப்பநிலை 33 டிகிரி, பனிநிலை 24 டிகிரி என்றால் வித்தியாசம் 9. 9 × 125 = 1,125 மீட்டர். மேகத்தின் அடி அந்த உயரத்தில் இருக்கும்.

ரெம்பாவ் பிள்ளைகளுக்கு இதைச் சரிபார்க்க இயற்கையே ஓர் அளவுகோலை நட்டு வைத்திருக்கிறது. குனோங் டத்தோவின் உச்சி ஏறக்குறைய 880 மீட்டர் உயரம். திரள்முகில்களின் அடி உச்சிக்கு மேலே தெளிவாக மிதந்தால் வித்தியாசம் 7 டிகிரிக்கு மேல் என்று பொருள். உச்சி மேகத்துக்குள் மறைந்திருந்தால் வித்தியாசம் அதற்கும் குறைவு; காற்று நன்றாக ஈரமேறிக் கிடக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் வகுப்பறைச் சன்னல் வழியாகவே செய்யக்கூடிய அளவீடு இது.

அடுத்தது, மேலே ஏறும் துடிப்பு. நீராவி துளியாக மாறும்போது, ஒரு கிலோகிராம் நீருக்கு ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. இந்த வெப்பம் மேகத்துக்குள் இருக்கும் காற்றைச் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக வைத்திருக்கிறது. சூடான காற்று இலேசானது. அது இன்னும் ஏறும். இன்னும் நீராவி துளியாகும். இன்னும் வெப்பம் வெளிப்படும். மேகம் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்கிறது என்று சொல்லலாம்.

அந்த அடுப்பின் அளவை நீங்களே கணக்கிடுங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 2 கோடி கிலோகிராம். அது துளியாகும்போது வெளிப்பட்ட ஆற்றலை மின்சாரக் கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் யூனிட். நம் தோட்டத்தின் மேல் ஒரு மாலையில் கடந்துபோகும் சாதாரண மழையின் கணக்குதான் இது!

இப்படி வளரும் மேகம் நம் வட்டாரத்தில் 15 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும். அங்கே மேற்கொண்டு ஏற முடியாமல், கொல்லன் பட்டடையைப் போல் பக்கவாட்டில் விரியும். அதன் மேல்பகுதி முழுவதும் பனித்துகள்கள். நடுப்பகுதியில் சிறு பனித்துகள்களும் கனமான பனி உருண்டைகளும் மோதிக்கொள்கின்றன. பெரும்பாலும் சிறியவை நேர்மின்னூட்டம் பெற்று மேலே போகின்றன. கனமானவை எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. இந்த வேறுபாடு எல்லை மீறும்போது மின்னல் பாய்கிறது. மின்னல் செல்லும் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 டிகிரி வரை சூடாகி வெடித்து விரியும் ஓசையே இடி.

மலையும் கடலும் செய்யும் வேலை

மூன்றாவது பொருளான தள்ளுதல் எங்கிருந்து வருகிறது? ரெம்பாவுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது.

மேற்கே, 25 முதல் 30 கிலோமீட்டர் தொலைவில் மலாக்கா நீரிணை. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், கடற்காற்று போர்ட்டிக்சன் கரையிலிருந்து உள்நாட்டுக்குள் நுழைகிறது. அந்த ஈரக்காற்றின் முன்விளிம்பு ஓர் ஆப்பு போல முன்னே நிற்கும் சூடான காற்றை மேலே தூக்குகிறது. கிழக்கே மலைகள். வெயில் பட்ட சரிவுகளில் காற்று மேல்நோக்கி ஊர்கிறது. கடற்காற்று மலைச்சரிவைச் சேரும்போது இரண்டு தள்ளுதல்களும் ஒன்றாகின்றன. சமவெளி வெயிலில் கிடக்கும்போதே மலைப்பக்கம் முதலில் கறுப்பது இதனால்தான்.

மூன்றாவதாக ஒரு தள்ளுதலும் உண்டு. பெய்கிற மழை தன்னோடு குளிர்ந்த காற்றையும் கீழே இறக்குகிறது. அது தரையில் மோதி நாலாபுறமும் பரவும். மழைக்கு முன் சட்டென்று வீசும் ‘சில்’ காற்று இதுதான். அந்தக் காற்று பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி, இன்னொரு சூடான காற்றுத் திரளைத் தூக்கிவிடலாம். தம்பினில் பெய்த மழை ரெம்பாவில் இன்னொரு மழையைப் பிறப்பிப்பது இப்படித்தான்.

இந்த இரகசியங்கள் தெளிவானது 1946, 1947-ஆம் ஆண்டுகளில். அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஒஹாயோவிலும் ஹோரஸ் பையர்ஸ், ரோஸ்கோ பிரஹாம் ஆகியோர் போர்க்கால பி-61 விமானங்களை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை பறக்கவிட்டு அளவெடுத்தார்கள். ஓர் இடிமேக அறை வளர்ந்து, முதிர்ந்து, கலைந்துபோக ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரமே ஆகும் என்பது அவர்கள் கண்ட முக்கிய உண்மை.

உலையின் முதல் குமிழி

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். அடுப்பில் உலை வைத்திருக்கிறீர்கள். நெருப்பின் அளவு தெரியும். தண்ணீரின் அளவும் தெரியும். பத்து நிமிடத்தில் கொதிக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் முதல் குமிழி பானையின் எந்த இடத்தில் எழும் என்று சொல்ல முடியுமா?

நம் மாலை மழையும் அப்படியே. இன்று நெகிரி செம்பிலான் வானம் ‘கொதிக்கும்’ என்பதைக் காலையிலேயே சொல்லலாம். எந்தக் குமிழி யார் தலைமேல் என்பதுதான் சிக்கல். ஓர் இடிமேகத்தின் குறுக்களவு சில கிலோமீட்டர் முதல் பத்து கிலோமீட்டர் வரை. உலகின் சிறந்த முன்கணிப்பு மையங்களுள் ஒன்றான ஐரோப்பிய மையத்தின் உலகளாவிய கணினிக் கணக்கில் கட்டத்துக்குக் கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் இடைவெளி. வலையின் கண் அளவுக்கே மீனும் இருந்தால் எப்படிப் பிடிப்பது?

இன்னொரு சிக்கலை 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் கண்டார். கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்து, ஒரு கணக்கை மீண்டும் ஓட்டினார். தொடக்கத்தில் இரண்டு விடைகளும் ஒட்டிப் போயின. போகப் போக முற்றிலும் வேறு வானிலையாகப் பிரிந்துவிட்டன. தொடக்கத்தில் உள்ள மிகச் சிறு வேறுபாடுகூட முடிவில் பெரிதாகிவிடும் என்பதே அதன் பாடம்.

வட இந்தியச் சமவெளியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே கோடைகாலத்தில் இடிப்புயலும் புழுதிப் புயலும் வருகின்றன. 2018-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி இரவு ராஜஸ்தான், உத்தரப் பிரதேச மாநிலங்களைத் தாக்கிய புயலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆனால் அங்கு வானிலையைப் பலமுறை மாற்றுவது மேற்கிலிருந்து வரும் பெரிய காற்றழுத்த அலைகள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள அவற்றைச் சில நாள்களுக்கு முன்பே கணினி கண்டுகொள்ளும். நமக்கோ பருவமாற்றக் காலத்தில் அப்படி வழிநடத்தும் பெரிய காற்றே இருப்பதில்லை. அங்கே புயல் தொலைவிலிருந்து பயணம் செய்து வருகிறது. இங்கே நம் கண்ணெதிரே பிறக்கிறது.

வானிலையாளரின் கையில் என்ன இருக்கிறது?

முதலில் பலூன். ஒவ்வொரு நாளும் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் உலகமெங்கும் ஒரே நேரத்தில் வானிலை பலூன்கள் ஏறுகின்றன. நமக்கு அருகில் சிப்பாங்கில் ஒரு நிலையம் உண்டு. நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் ஏறும் பலூன், வெப்பநிலை, ஈரப்பதம், காற்று ஆகியவற்றை வழிநெடுக அனுப்பிக்கொண்டே போகும். அந்தத் தரவுகளைக் கொண்டு அன்று மேகம் ஏற எவ்வளவு ஆற்றல் காத்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

அடுத்தது துணைக்கோள். ஜப்பானின் ஹிமாவாரி-9, பூமியின் நம் பக்கத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறது. பிறகு ரேடார். அது அனுப்பும் அலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு, மழை எங்கே, எவ்வளவு, எந்தத் திசையில் போகிறது என்று காட்டும்.

மேகம் பிறந்த பிறகு ரேடாரைப் பார்த்துச் சொல்வது கைக்கெட்டும் முன்கணிப்பு. அதன் ஆயுள் சில மணி நேரம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கை இந்த வகை. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் அறிகுறி தெரிந்து, இடிமழை மிக அண்மையில் வரும் அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தோன்றினால் அது வெளியிடப்படும். ஒவ்வோர் எச்சரிக்கையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. ஆகவே காலையில் எச்சரிக்கை இல்லை என்பதற்காக மாலையிலும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. திடலுக்குப் போகுமுன் ‘மைசுவாச்சா’ செயலியை இன்னொரு முறை பாருங்கள்.

தினசரி அறிவிப்பில் வரும் மலாய்ச் சொற்களையும் கவனித்துப் படிக்க வேண்டும். ‘டி சத்து டுவா தெம்பாட்’ என்றால் ஓரிரு இடங்களில். ‘டி பெபராப்பா தெம்பாட்’ என்றால் சில இடங்களில். ‘டி கெபஞ்ஞாக்கான் தெம்பாட்’ என்றால் பெரும்பாலான இடங்களில். இவை மழையின் வலிமையைக் குறிப்பவை அல்ல, பரப்பைக் குறிப்பவை. ‘ஓரிரு இடங்களில்’ என்ற நாளிலும் அந்த ஓரிடம் உங்கள் திடலாக இருந்தால், மழை உங்களுக்கு முழுமையாகத்தான் பெய்யும்.

விடியற்காலையில் வரும் விருந்தாளி

எல்லா இடிமழையும் மாலையில் வருவதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, குறிப்பாகத் தென்மேற்குப் பருவக்காற்றின்போது, சுமத்ரா தீவிலோ நீரிணையின் மேலோ இரவில் உருவாகும் இடிமேகங்கள் ஓர் அணியாகச் சேர்ந்து கிழக்கு நோக்கி நகர்ந்து வரும். இதைச் சுமத்ரா சூறை என்பார்கள். விடியலுக்குச் சற்று முன்பிருந்து முற்பகல் வரை மேற்குக் கரையைத் தாக்கும்.

பால்மரம் வெட்டுபவர்களுக்கு இதுவே பெரிய பகை. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடி மங்கில் விழாமல், பட்டையெங்கும் வழிந்து வீணாகும். வெட்டிய பிறகு மழை வந்தாலோ மங்கிலுள்ள பாலில் நீர் கலந்துவிடும். இரண்டிலும் அன்றைய உழைப்பு போயிற்று.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த அணியைக் கணிப்பது மாலை மழையைக் கணிப்பதைவிட எளிது. அது ஏற்கெனவே பிறந்து நகர்ந்து வருகிறது. ரேடாரில் 60 கிலோமீட்டர் மேற்கே தெரியும் அணி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், நம்மை அடைய ஒன்றரை மணி நேரம். ஆரம்பப் பள்ளிக் கணக்குதான்! கத்தியைத் தீட்டுமுன் கைப்பேசியில் ரேடார் படத்தை வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துக் காட்டுங்கள். உங்கள் படிப்பு வீட்டுக்குப் பயன்படும் நேரம் அது.

நீங்களும் முன்கணிப்பாளர்

1884-இல் அமெரிக்க இராணுவத்தைச் சேர்ந்த ஜான் பின்லி என்பவர், சுழற்காற்று வருமா வராதா என்று 2,803 முன்கணிப்புகள் வழங்கினார். அவற்றில் 2,708 சரி, அதாவது 96.6 விழுக்காடு. பெருமைப்படத்தக்கதுதானே? உடனே சிலர் கணக்கைக் கிளறினார்கள். சுழற்காற்று உண்மையில் வந்தது 51 தடவை மட்டுமே. ஒவ்வொரு தடவையும் “வராது” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாக இருந்திருக்கும்!

இதிலிருந்து நாம் கற்பது என்ன? சரியான விடைகளை எண்ணினால் மட்டும் போதாது. ஏப்ரலில் தினமும் “மழை வரும்” என்பவரும் பலமுறை வெல்வார். அது திறமை ஆகாது. 1950-இல் கிளென் பிரையர் ஒரு நல்ல அளவுகோல் தந்தார். மழைக்கான வாய்ப்பை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்லுங்கள். மழை வந்தால் 1, வராவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். அதுவே உங்கள் தண்டனைப் புள்ளி.

நீங்கள் 0.7 என்று சொல்லி மழை வந்தால் 0.09. வராவிட்டால் 0.49. எப்போதும் 0.5 என்று மழுப்புகிறவருக்கு நாள்தோறும் 0.25. ஒரு மாதச் சராசரியில் அந்த 0.25-க்குக் கீழே வந்தால்தான் உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று பொருள்.

வகுப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். காலை 10 மணிக்கு மூன்று குறிப்புகள்: மலையுச்சி தெரிகிறதா? திரள்முகில்கள் அகலமாக இருக்கின்றனவா, உயரமாக வளர்கின்றனவா? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? பிறகு மாலை 3 மணி முதல் 7 மணி வரை பள்ளி வட்டாரத்தில் மழை வருவதற்கான வாய்ப்பை எழுதுங்கள். அந்திநேரத்தில் ஈசல் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கி மேடேறினால் மழை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் ஒரு நிரலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லுக்கும் அதே அளவுகோலில் புள்ளி போடுங்கள். கேலியும் வேண்டாம், கண்மூடிய நம்பிக்கையும் வேண்டாம். மாத இறுதியில் எண்கள் பேசும்.

திடலில் நிற்கும்போது

கடைசியாக, முன்கணிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மறக்கக் கூடாத ஒன்று. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மழை இன்னும் தொடங்காவிட்டாலும், தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திடலுக்குத் திரும்பக் கூடாது.

மரத்தடியும், நாலு கால் கூரைக் கொட்டகையும், கோல் கம்பமும் பாதுகாப்பு அல்ல. சுவரும் கூரையும் உள்ள கட்டடம், உலோகக் கூரையுள்ள மூடிய வாகனம், இரண்டுமே நல்ல இடங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அலுமினியக் கம்பத்தைக் கீழே போட்டுவிட்டு விலக வேண்டும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கு மின்சாரம் பாயும் என்பது தவறான எண்ணம். அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. 999-ஐ அழையுங்கள், மூச்சும் நாடியும் இல்லையென்றால் முதலுதவி தெரிந்தவர் உடனே மார்பை அழுத்தி உயிர்மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

“எழுபது விழுக்காடு மழை என்றார்கள், வரவில்லையே!” என்று அடுத்த முறை யாராவது குறைப்பட்டால், மீதமுள்ள முப்பது விழுக்காட்டை அவருக்கு நினைவூட்டுங்கள். அந்த முப்பதைக் குறைக்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அதைச் செய்யப்போகும் வானிலை அறிஞர் இன்று நான்காம் படிவத்தில், சன்னலோரம் அமர்ந்து குனோங் டத்தோவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.